விண்டோஸில் ஓடும் எக்செல் மேக்ரோ மேக்கில் ஏன் நின்றுவிடுகிறது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆபீஸில் விண்டோஸில் ஒழுங்காக ஓடும் என் எக்செல் மேக்ரோ, வீட்டு மேக்கில் 429 என்று பிழை காட்டி நிற்கிறது. மகனுடைய உபுண்டு லேப்டாப்பில், லிப்ரே ஆபீஸிலும் பாதிதான் ஓடுகிறது. எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டுமா?"

வேண்டாம் சார். 429 என்றாலே பெரும்பாலும் கிரியேட்ஆப்ஜெக்ட் என்று தொடங்கும் வரியில்தான் நின்றிருக்கும். டிக்‌ஷனரியோ ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டோ கூப்பிட்டிருப்பீர்கள். ரொம்ப நாளாகப் பழகியதால் அவை எக்செலோடு வந்தவை என்றே நினைத்துவிடுகிறோம். முதலாவது பெயரையும் அதற்குரிய மதிப்பையும் சேர்த்து வைக்கும் பட்டியல், இரண்டாவது கோப்புகளையும் ஃபோல்டர்களையும் கையாளும் கருவி. உண்மையில் விண்டோஸில் இருக்கும் ஒரு டிஎல்எல் கோப்புதான், அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புதான், அவற்றைத் தருகிறது. மேக்ரோ எழுதும் விபிஏ மொழி விண்டோஸ், மேக் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் அந்தக் கோப்பு மேக்கில் கிடையாது.

அதனால் டிக்‌ஷனரி இருக்கும் இடத்தில் கலெக்‌ஷன் போடுங்கள். அது விபிஏவுக்கே சொந்தமானது, இரண்டிலும் ஓடும். ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்கும் எக்ஸிஸ்ட்ஸ் மட்டும் அதில் இல்லை. அதற்கு நாலைந்து வரியில் ஒரு ஃபங்‌ஷன் எழுதிக்கொண்டால் போதும். கோப்பு தேட விபிஏவிலேயே டிர் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் விண்டோஸில் செய்வதுபோல நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் மேக்கில் எடுபடாது. ஃபோல்டர் பாதையில் நீங்கள் கையால் போட்ட பின்சாய்வுக் கோடும் அங்கே செல்லாது, அப்ளிகேஷன் டாட் பாத்செப்பரேட்டர் என்று எழுதுங்கள். அப்புறம், கோப்பைத் திறக்கும்போது மேக் அனுமதி கேட்டு ஒரு பெட்டி காட்டும். அது பிழை இல்லை, பயப்படாதீர்கள்.

இவ்வளவாவது செய்ய முடிகிறதே என்று எனக்கு நிம்மதிதான். மேக்குக்கு வந்த 2008 ஆபீஸில் விபிஏவையே எடுத்துவிட்டார்கள், 2011இல்தான் திரும்பக் கொடுத்தார்கள்.

லிப்ரே ஆபீஸ் கதை வேறு. அதில் மேக்ரோ எழுதும் மொழியான பேசிக், விபிஏ இல்லை, தனி மொழி. உங்கள் எக்செல் கோப்பைத் திறக்கும்போது விபிஏவைத் தன்னால் முடிந்தவரை புரிந்துகொண்டு ஓட்டப் பார்க்கும். செல்லில் எண்ணைப் படிப்பது, கூட்டுவது, எழுதுவது இதெல்லாம் பெரும்பாலும் ஓடிவிடும். ஃபார்ம், அவுட்லுக்கில் மெயில் அனுப்புவது என்று போனால் நிற்கும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அங்கே திறப்பதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு இருக்கும் கோப்பு அது.

கேள்வியின் கடைசியில், மேக்ரோவின் நிரலுக்குள் எழுதிய தமிழ் கேள்விக்குறியாகிவிடுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். அது விண்டோஸிலேயே உள்ள சிக்கல். விபிஏ எடிட்டருக்கு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் முறை தெரியாது, "வரவு" என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் நிற்கும். யூனிகோட் எண்ணை எழுத்தாக மாற்றும் சிஎச்ஆர்டபிள்யூ (ChrW) போட்டு எழுத்து எழுத்தாகச் சேர்க்கலாம், அ என்றால் 2949, த என்றால் 2980. எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நமக்கே புரியாது. தனியாக ஒரு ஷீட் வைத்து, தமிழ்ச் சொற்களை அதன் செல்களில் தட்டி வையுங்கள். மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். சொல்லை மாற்ற நினைத்தால் நிரலைத் தொடவே வேண்டாம்.

போனிலும் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓடாது. கோப்பைத் திறந்து பார்க்கலாம், எண்களைத் திருத்தலாம், அவ்வளவுதான்.