கொற்கையில் கடல் எங்கே?

வணக்கம். எனக்குப் பின்னால் தெரிவது வயல், வாழைத்தோட்டம், நாலைந்து பனை. கடலோரத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு இவன் எங்கே வந்து நிற்கிறான் என்றுதானே கேட்கிறீர்கள்? இது கொற்கை. சங்கப் பாடல்கள் முத்துக்காகப் புகழ்ந்த பாண்டியர் துறைமுகம். கப்பல் வந்த ஊரில் இன்று அலைச் சத்தம்கூட இல்லை. கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது.

எல்லாம் தாமிரபரணியின் வேலை. பொதிகையில் பிறந்து அது சுமந்துவரும் வண்டல் கழிமுகத்தை மேடாக்கிக்கொண்டே இருந்தது. துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டு நடந்தது. கொற்கை தூர்ந்ததும் காயல், அதற்குப் பிறகு புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர்தான். செந்திலாண்டவரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். வழியில் இவ்வளவு கிடக்கிறதே!

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்றே பெயர். அந்தக் காலத்தில் கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, ஒருவர் கடலடிக்கு இறங்குவார். தோணியில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். அள்ளிவந்த சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்கள். முத்துமாலைப் படங்களில் அந்த நாற்றம் தெரியாது! கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கினார்கள் என்று சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கப் பயணக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதைப் படித்த பிறகு 'பாண்டி முத்து' என்று பெருமையாகச் சொல்ல வாய் கொஞ்சம் தயங்குகிறது.

காயலுக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏடனிலிருந்தும் ஓர்முஸிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்ததை எழுதியிருக்கிறார். அந்த அரபு வணிகத்தின் தடம் காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களில் இன்றும் தெரியும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தார்கள், பரதவர் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். மதம் மாறினாலும் பரதவருக்குத் தொழில் கடலில்தான்; தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5ஆம் தேதி நிறைவடையும்போது ஊரே தெருவில் நிற்கும்.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுவதால் இங்கே வெயில்தான் அதிகம். உப்பளத்துக்கு அதுவே வரம். உட்புறத்தில் தேரி என்று செக்கச்சிவந்த மணற்காடு உண்டு. நண்பகலில் செருப்பில்லாமல் கால் வைத்துவிடாதீர்கள், நான் வைத்துப் பட்டிருக்கிறேன். பதநீர் கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் சுவை மாறிவிடும். மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரியில் வருவது நல்லது.

வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடியில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த ஊரின் முந்திரி மக்ரூனும் தெரிந்ததுதான். இரண்டையும் விரித்துப் பேசப்போவதில்லை.

இப்போது புன்னைக்காயலுக்கு வந்துவிட்டேன். 1586இல் இங்கே அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தமிழில் ஒரு நூலை அச்சிட்டார். இன்று பார்ப்பதற்கு அமைதியான மீனவர் ஊர். காற்று பலமாக அடிக்கிறது, நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ. கேமராவைத் திருப்புகிறேன். அதோ, ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீர் நிறம் மாறுகிற கோட்டைப் பாருங்கள். வண்டல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.