கோப்பையா, தடமா?

நடுவருங்கய்யா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, நோம்பிக்கு வந்து இந்த ராத்திரியிலயும் பாய விரிச்சு உக்காந்திருக்கற பெரியவங்களே, அம்மணிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

"டென்னிஸ் வீராங்கனைக்குப் பெருமை அவங்க வாங்குன கோப்பையா, அவங்க போட்ட தடமா?" இதுதானுங்க இன்னைக்குத் தலைப்பு. வழிங்கறத நம்ம பக்கம் தடம்னுதானே சொல்லுவோம். நான் அந்தத் தடத்துக்காகப் பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசுன எதிரணி அண்ணன் ஒன்னு கேட்டாருங்க. "கிராண்ட்ஸ்லாம்னு சொல்ற நாலு பெரிய போட்டிகள்ல சானியா மிர்சா ஆறு கோப்பை வாங்குனாங்க, ஒலகத்துக்கே தெரியும். ஒலகத் தரவரிசைல மொதல் நூறு எடத்துக்குள்ள வராத ஒரு பொண்ணு பேரு இங்க யாருக்காவது தெரியுமா? கை தூக்குங்க"ன்னாரு. ஒரு கை மேல வரலீங்க. எனக்கு வெசனமே அதுதானுங்க. அப்படி நூறுக்குள்ள வராதவங்கள்ல ஒருத்தங்க நம்ம கோயமுத்தூர்ல பொறந்த பொண்ணு. நிருபமா வைத்தியநாதன்.

1998ஆம் வருசம், ஆஸ்திரேலிய ஓப்பன். இத்தாலிக்காரங்க குளோரியா பிட்சிக்கினியோட மொதல் சுற்று. நிருபமா ஜெயிச்சாங்க. 1934லயே லீலா ராவ்ங்கற அம்மா விம்பிள்டன்ல ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்காங்க, அத மறைக்க மாட்டேன். ஆனா, 1968ல தொழில்முறை ஆட்டக்காரங்களுக்கும் இந்தப் பெரிய போட்டிக கதவத் தொறந்த பொறகு, தகுதிச் சுற்றுக்கு அடுத்து வர்ற ஒத்தையர் பிரதானச் சுற்றுல ஜெயிச்ச மொதல் இந்தியப் பொண்ணு இவங்கதான். முப்பது வருசம் யாரும் தாண்டாத வாசப்படிங்க அது. அப்பா கிரிக்கெட் ஆடுனவரு, மகளுக்குச் சின்னதுல இருந்து அவரே சொல்லிக் குடுத்தாரு. அதே வருசம் பாங்காக் ஆசிய விளையாட்டுல மகேஷ் பூபதியோட சேந்து கலப்பு இரட்டையர்ல வெண்கலம். கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போன பொறகும், 2010ல 33 வயசுல டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்கு மறுபடி ராக்கெட்டோட வந்து நின்னாங்க. அவங்க கிட்ட கிராண்ட்ஸ்லாம் கோப்பை இல்ல. அதனால அவங்க ஆடுன ஆட்டம் கணக்குல வராதுங்களா?

சரிங்க, அண்ணன் சொன்ன சானியாவையே எடுத்துக்குவோம். 2005ல நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தேன். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தா, பக்கத்து வீட்டு டிவில அமெரிக்க ஓப்பன். நம்ம நெறத்துல, மூக்குத்தி போட்ட ஒரு பொண்ணு, 18 வயசு, பந்த அடிக்கற அடியப் பாத்து நின்ன எடத்துலயே நின்னுட்டேன். டென்னிஸ்னா என்னன்னே எனக்குத் தெரியாது. பாய்ன்ட்டு ஏன் பதினஞ்சு, முப்பதுன்னு போகுதுன்னு கூடத் தெரியாது. அந்த வருசம் அவங்க நாலாவது சுற்று வரைக்கும் போயி ரஷ்யாக்காரங்க ஷரபோவாகிட்டத் தோத்தாங்க. எனக்கொரு பொண்ணு பொறந்தா இத ஆட வெக்கோணும்னு அன்னைக்கு நெனச்சேனுங்க.

அண்ணன் சொல்ற ஆறு கோப்பைல மொதல் கோப்பை வந்தது 2009ல. இரட்டையர்ல உலக நம்பர் ஒன் ஆனது 2015 ஏப்ரல்ல. நான் மனசுல முடிவு பண்ணுனது 2005ல, அவங்க தோத்த அன்னைக்கு. எனக்குக் கோப்பையா தடம் காட்டுச்சு?

இன்னொரு சங்கதிங்க. டென்னிஸ் தரவரிசை எப்படி நடக்குதுன்னு பொண்ணு ஆட வந்த பொறகுதான் வெளங்குச்சு. ஒரு போட்டில வாங்குன புள்ளிக்கு ஆயுசு 52 வாரம். அடுத்த வருசம் அதே வாரம் வந்துதுன்னா அந்தப் புள்ளி கணக்குல இருந்து போயிரும், மறுபடி ஆடிச் சேக்கோணும். கோப்பைல ஜெயிச்ச புள்ளிக்கும் அதே கதிதான். சானியா 91 வாரம் நம்பர் ஒன்னுல இருந்தாங்க, பொறகு அந்த எடத்துல வேற ஒருத்தங்க. ஆனா 2018ல புள்ளையப் பெத்து, 2020 சனவரில ஆஸ்திரேலியாவுல ஹோபார்ட்ல திரும்ப வந்து மொதல் போட்டியிலயே இரட்டையர் பட்டம் ஜெயிச்சாங்களே, "புள்ளை பெத்தா ஆட்டம் முடிஞ்சுது"ன்னு சொன்ன வாய அன்னைக்கு அடைச்சாங்களே, அதுக்கு எந்த வாரத்துல காலாவதி?

பொண்ணுக தனியா நடத்துற தொழில்முறை ஆட்டமே ஒரு டாலர்ல தொடங்குனதுங்க. 1970ல அமெரிக்காவுல, ஹூஸ்டன்ல, பில்லி ஜீன் கிங்குங்கற வீராங்கனையோட சேந்து ஒம்பது பேரு. ஆம்பளைகளுக்குக் குடுக்கறதுல சொச்சத்தத்தான் பொம்பளைகளுக்குக் குடுக்கறாங்கன்னு, ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டுத் தனியாப் போட்டி நடத்துனாங்க. ஆனா விம்பிள்டன்ல ரெண்டு பேருக்கும் சமமாப் பரிசுப் பணம் வந்தது 2007ல. அந்த ஒம்பது பேருல பாதிப் பேரோட கோப்பைக் கணக்கு எனக்குத் தெரியாதுங்க. ஆனா எம்பொண்ணு ஆடற தடத்துல அவங்க காலடி இருக்குது.

எம்பொண்ணுக்கு இப்பப் பதிமூணு வயசு. அவிநாசில இருந்து கோயமுத்தூருக்கு 40 கிலோமீட்டர், வெடியால அஞ்சு மணி பஸ்ஸு. பஸ்ஸுல உக்காந்து ராக்கெட் கைப்பிடில சுத்தியிருக்கற பழைய நாடா, அந்த கிரிப்பப் பிரிப்பா. உள்ளங்கை வேர்வைல கறுத்துப் போயி, பிசுபிசுன்னு இருக்கும். புதுசக் கைப்பிடி அடில இருந்து சுத்தி, ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து கால்வாசி ஏறோணும், மடிப்பு விழக்கூடாதுன்னு, நாக்கக் கடிச்சுட்டு இழுத்து இழுத்துச் சுத்துவா. நான் ராக்கெட்டோட தலையப் புடிச்சுக்குவேன். கருமத்தம்பட்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்.

ஒறம்பரைக வீட்டுக்கு வந்தா கேக்கறது ஒன்னுதானுங்க. "எத்தன கப்பு வாங்கியிருக்கறா?" ரெண்டு கப்பு, அதுவும் சின்னது. சொல்றப்ப புள்ளை அடுப்படிக்குப் போயிருவா. பயிற்சி குடுக்கற ஒரு எடத்துலயே ஒருத்தரு எம்மூஞ்சிக்கு நேரா, "ஜெயிக்காத புள்ளைக்கு எதுக்குங்க இத்தன செலவு?"ன்னாரு. அன்னைக்கு பஸ்ஸுல அவளும் பேசல, நானும் பேசல.

2025 பிப்ரவரில ஒரு ராத்திரி போன எங்கிட்ட நீட்டுனா. மும்பைல டபிள்யூடிஏங்கற பொண்ணுக டென்னிஸ் சங்கத்தோட போட்டி. மாயா ராஜேஷ்வரன், 15 வயசு, அரையிறுதிக்கு வந்துட்டாங்க. "அம்மா, இந்த அக்காவும் கோயமுத்தூருதானாம்மா"ன்னா. அரையிறுதில அவங்க தோத்துட்டாங்க, கோப்பை இல்லீங்க. ஆனா அன்னைக்கு எங்க வீட்ல போன் சார்ஜ் தீர்ற வரைக்கும் அந்த ஆட்டத்தத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பாத்தோம்.

நடுவருங்கய்யா, அந்தா மூணாவது வரிசைல மடில ராக்கெட் பைய வெச்சுட்டு உக்காந்திருக்கறாளே, அவதான் எம்பொண்ணு. எதிரணி அண்ணன் கூட்டம் முடிஞ்சு போறப்ப அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போகோணும். எத்தன கப்புன்னு கேக்காதீங்கண்ணா. இந்த வாரம் என்ன பழகுனன்னு கேளுங்க. பேக்ஹேண்ட் ஸ்லைஸுன்னு சொல்லி, கைய வெச்சே வெட்டிக் காட்டுவா.

வணக்கமுங்க.