கழன்ற செருப்பு
(கடலூரில் வாசகர் கூட்டமொன்றில் பேசியது)

தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். ஐயா எனக்குப் போட்ட மார்க்கை இங்கே சொல்ல மாட்டேன்.

தண்டுவடக் கட்டியின் அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை மூன்றையும் பேசச் சொன்னார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். கட்டியை எடுத்தவனில்லை, எடுத்த பிறகு நடக்க வைத்தவன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தண்டுவடத்துக்குள் வளரும் எபெண்டிமோமா என்ற கட்டி பெரும்பாலும் அந்த எறும்புதான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஊரும்.

என் சித்தப்பாவுக்கு முதுநகரில் டீக்கடை. ஒருநாள் கடைக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. தைத்தவரோடு சண்டை. புதுச்செருப்பும் கழன்றது. பின்வார் வைத்த செருப்புக்கு மாறினார். பிரச்சினை தீர்ந்ததென்று அன்று கடையில் எல்லாருக்கும் ஓசி டீ! ஆனால் ராத்திரி படுத்தால் முதுகுவலி கூடும், உட்கார்ந்தே தூங்குவார். எண்ணெய் போட்டு நீவினோம். ஒரு டாக்டர் இடுப்பை மட்டும் எம்ஆர்ஐ எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். கடைசியில் ஜிப்மரில் ஓர் இளம் டாக்டர் சாவியால் உள்ளங்காலைக் கீறினார். கீழே மடங்க வேண்டிய கட்டைவிரல் மேலே போனது. கோளாறு இடுப்பில் இல்லை, அதற்கு மேலே! மருந்து ஏற்றி முதுகு முழுவதும் படமெடுத்ததில் நடுமுதுகில் எபெண்டிமோமா.

சிகிச்சைக்கு வருகிறேன். எபெண்டிமோமா பெரும்பாலும் தனியாகப் பிரிந்து வரும், மைக்ரோஸ்கோப் வைத்து எடுத்துவிடலாம். அஸ்ட்ரோசைட்டோமா என்ற இன்னொரு வகைக் கட்டி அப்படியில்லை, நரம்போடு கலந்து கிடக்கும். தண்டுவடத்தை அழுத்திய கட்டியை லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி 1887-லேயே எடுத்தார், அந்த நோயாளி மறுபடி நடந்தார்.

சித்தப்பாவும் நடந்தார், சரி. அதற்கு முன் 6 மாதம் சக்கர நாற்காலி. அந்த 6 மாதமும் பேப்பர் படிக்க இந்தக் கட்டடத்துக்கு அவரால் வர முடியவில்லை. வாசலில் 7 படி, சாய்தளம் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாயிற்று. சாய்தளத்துக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். நம் படி மூன்றரை அடி, ஆக 42 அடி. சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிப் போட்டால் இடமிருக்கிறது, நானே டேப் பிடித்துப் பார்த்தேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும், கவுன்சிலர் அம்மா. 4 மனு கொடுத்தாயிற்று. ஐந்தாவது மனு கதவருகே மேசையில் இருக்கிறது. டீ குடித்துவிட்டு எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பேனா என்னுடையது, வைத்துவிட்டுப் போங்கள்.