மாவு மில்லில் கை படாத பாதை: ஆலிவர் எவன்ஸ் மாற்றியது என்ன?

[திரையில்: ஓடைக்கரையில் பல மாடி உயரமுள்ள கல் கட்டடம். பக்கவாட்டில் தண்ணீர்ச் சக்கரம்.]

வணக்கம். 1780-களில் அமெரிக்காவில் இருந்த ஒரு மாவு மில்லுக்குள் போகிறோம். வெளியே தண்ணீரில் சக்கரம் சுற்றுகிறது. அதோடு பல்சக்கரங்களால் இணைத்த அரைகல்லும் உள்ளே சுற்றுகிறது. ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களில் ஒருவருக்கும் ஓய்வு இல்லை. ஒருவர் கோதுமை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிறார். இன்னொருவர் கல்லிலிருந்து கொட்டிக் குவிந்த மாவை மண்வாரியால் தொட்டியில் அள்ளுகிறார். அந்தத் தொட்டியை மறுபடி மேல்மாடிக்கு ஏற்ற வேண்டும். மேலே ஒரு பையன் வாரியும் கையுமாக, மாவைத் தரையில் பரப்பிக் கிளறிக்கொண்டே இருக்கிறான்.

அரைக்கிற பாடு ஓடைத் தண்ணீருக்கு, சுமக்கிற பாடு மனிதர்களுக்கு. இப்படித்தான் பல நூறு வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சுமை எப்படி மில்லை விட்டுப் போனது என்பதுதான் இந்த வீடியோ. மாற்றியவர் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த ஆலிவர் எவன்ஸ். அவரிடம் போவதற்கு முன் கல்லைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

[திரையில்: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கற்கள், குறுக்குவெட்டாக.]

கீழ்க்கல் அசையாது, மேல்கல் மட்டும் சுற்றும். பெரிய கல் என்றால் ஒரு டன்னுக்குமேல் எடை, நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று. இவ்வளவு கனமான கல் கீழ்க்கல்லைத் தொடாமல் சுற்ற வேண்டும். தொட்டால் பொறி பறக்கும், மாவில் கல்தூள் விழும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மையத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கும். வெளியே வர வரக் குறைந்து, விளிம்பில் ஒரு தாளின் கனம்தான் மிஞ்சும். மேல்கல்லின் நடுத்துளையில் விழும் தானியம், கல்லில் கொத்திவைத்த பள்ளங்கள் வழியாக நகர்ந்து நகர்ந்து அரைபட்டு, விளிம்பில் மாவாகக் கொட்டும்.

தானியம் எவ்வளவு விழ வேண்டும்? கல் வேகமாகச் சுற்றினால் நிறைய, மெதுவாகச் சுற்றினால் கொஞ்சம். இதற்குப் பழைய மில்காரர்களே அழகான வழி வைத்திருந்தார்கள். தானியத் தொட்டிக்கு அடியில் ஒரு சரிவான மரத்தட்டு தொங்கும். கல்லோடு சேர்ந்து சுற்றும் ஒரு தண்டு, தன் முனைகளால் அந்தத் தட்டை டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். கல்லின் வேகம் கூடினால் தட்டும் கூடுதலாக ஆடும், தானியமும் கூடுதலாக விழும். யாரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.

அடுத்தது இடைவெளி. காற்றாலை மில்களில் காற்று கூடினால் கல்லின் வேகமும் கூடி, இடைவெளி மாறி, அரைவை கெட்டுப்போகும். இங்கிலாந்துக்காரர்கள் இதற்குச் சுழலும் இரண்டு குண்டுகளைப் பொருத்தினார்கள். வேகம் கூடும்போது குண்டுகள் விலகி மேலெழும்பும். அந்த அசைவு ஒரு நெம்புகோல் வழியாகக் கற்களுக்கு இடையில் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும். தாமஸ் மீட் என்பவர் 1787-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மறுவருடம் லண்டன் ஆல்பியன் மில்லில் இந்த மாதிரிக் கருவியைப் பார்த்த மேத்யூ போல்டன், தன் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்குக் கடிதம் எழுதினார். வாட் அதையே நீராவி எஞ்சினில் வைத்தார். பள்ளிப் பாடத்தில் வாட் பெயரோடு வரும் அந்தச் சுழல்குண்டுக் கருவி உண்மையில் மாவு மில்லின் பிள்ளை. இதை நிறைய பேர் சொல்வதில்லை என்பதால்தான் இங்கே நிறுத்திச் சொல்கிறேன்.

சரி, கல்லை மில் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுவிட்டது. கல்லுக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலையைத்தான் யாரும் தொடவில்லை.

[திரையில்: டெலவேர் வரைபடம். ரெட் கிளே ஓடை நீலக்கோடாகத் தெரிகிறது.]

எவன்ஸ் பிறந்தது 1755-இல், டெலவேரின் நியூபோர்ட்டில். வண்டிச் சக்கரம் செய்பவரிடம் தொழில் பழகியவர். கம்பளியைச் சிக்கெடுக்கும் சீப்புகளுக்குக் கம்பிப் பல் செய்ய, இருபது வயதையொட்டியே ஒரு எந்திரம் கட்டியவர். 1780-களின் தொடக்கத்தில் சகோதரர்களோடு சேர்ந்து ரெட் கிளே ஓடைக்கரையில் மில் கட்ட ஆரம்பித்தார்.

அவருக்குப் பிடிக்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று, வீணாகும் உழைப்பு. இன்னொன்று அழுக்கு. தரையில் பரப்பிய மாவின்மேல் வெளியிலிருந்து வந்த செருப்புக்காலோடு ஆட்கள் நடப்பார்கள். மிதிபட்ட அந்த மாவுதான் பீப்பாயில் அடைபட்டு விற்பனைக்குப் போகும்.

மாவை ஏன் தரையில் பரப்ப வேண்டும்? கல்லிலிருந்து வரும் மாவு சூடாகவும் ஈரப்பதத்தோடும் இருக்கும். நம் ஊர் மில்லில் அரைத்து வாங்கி வந்த மாவை, பேப்பரில் பரப்பிச் சூடு ஆறிய பிறகுதானே டப்பாவில் போடுகிறோம்? சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி பிடிக்கும். அந்த மில்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரைத்த மாவை நீளமான உருளைச் சல்லடையில் சலிப்பார்கள். அதில் சுற்றியிருப்பது மெல்லிய பட்டுத்துணி. ஆறாத மாவு போனால் துணியின் கண் அடைத்துக்கொள்ளும். அதனால் மாவைக் கிளறி ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சல்லடைத் தொட்டிக்குள் தள்ளிவிட ஒரு பையன் நாள் முழுவதும் நின்றான். அவனை ஹாப்பர் பாய் என்று அழைத்தார்கள். எவன்ஸ் அந்த வேலைக்கு எந்திரம் செய்தபோது அதற்கும் அதே பெயரை வைத்தார்.

[திரையில்: வட்டமான மரத்தளம். நடுவில் செங்குத்தான தண்டு, அதில் கிடையாக ஒரு நீளக் கை.]

இந்த எந்திரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தளத்தின் நடுவே செங்குத்தாக ஒரு தண்டு மெதுவாகச் சுற்றுகிறது. அதில் கிடையாக ஒரு மரக்கை. கையின் அடியில் சின்னச் சின்னப் பலகைகள் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தபடி. தளத்தில் வந்து விழும் மாவைக் கை சுற்றிச் சுற்றி வாரும். சாய்ந்த பலகைகள் ஒவ்வொரு சுற்றிலும் மாவைக் கொஞ்சம் மையத்தை நோக்கி நகர்த்தும். மாவு வட்டமடித்தபடியே காற்று பட்டு ஆறி, கடைசியில் மையத்துக்குப் பக்கத்தில் உள்ள துளையில் விழும். கீழே சல்லடை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கையைத் தொங்கவிட்ட விதம். அதைத் தண்டோடு இறுக்கிவிடாமல், கயிற்றில் கட்டி மறுமுனையில் எதிர் எடை வைத்தார். மாவு அதிகமாகச் சேர்ந்தால் கை தானாக மேலே எழும்பும், குறைந்தால் இறங்கும். மாவின்மேல் மிதப்பதுபோல் எப்போதும் லேசாகவே அழுத்தும். தண்டைத் திருப்ப மட்டும் கல்லைச் சுற்றும் அதே தண்ணீர்ச் சக்கரத்திலிருந்து விசை.

மேலே தூக்க எலிவேட்டர். முடிவில்லாத ஒரு தோல் பெல்ட் மேலும் கீழும் இரண்டு புல்லிகளில் ஓடும். பெல்ட் நெடுகக் கிண்ணங்கள். கீழே மாவிலோ தானியத்திலோ முங்கி அள்ளி, உச்சியில் கவிழ்த்துவிட்டு வெறும் கிண்ணமாக இறங்கும். கிடையாக நகர்த்த கன்வேயர்: ஒரு தொட்டிக்குள் சுற்றும் மரத்தண்டு, அதைச் சுற்றித் திருகுபோல் சின்னப் பலகைகள். இவை போக இன்னும் இரண்டு கருவிகளும் உண்டு. ஒன்று, மரக்கட்டைகள் பதித்த பெல்ட்டால் தானியத்தை இழுத்துச் செல்வது. மற்றது, சரிவான பெல்ட்டில் விழுகிற தானியத்தின் எடையாலேயே ஓடுவது.

எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தால் பாதை இப்படி இருக்கும். வண்டிக்காரர் மூட்டையை அவிழ்த்துத் தராசுத் தட்டில் கொட்டுவார். எடை பார்த்ததும் தானியம் கீழே விழும். எலிவேட்டர் அதை உச்சிமாடிக்குத் தூக்கும். அங்கே தூசி தும்பு போகச் சுத்தமாகி, இறங்கிக் கல்லுக்குள் போகும். அரைந்த மாவைக் கன்வேயர் தள்ளிக்கொண்டு வரும், எலிவேட்டர் மறுபடி மேலே ஏற்றும், ஹாப்பர் பாய் ஆறவைக்கும், சல்லடை பிரிக்கும். சரியாக அரையாத பகுதி மட்டும் திரும்ப மேலேறும். மனிதக் கை மறுபடி தேவைப்படுவது பீப்பாயில் அடைக்கும்போதுதான். அன்றைய ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 89 கிலோ.

இதைப் பார்க்க அக்கம்பக்கத்து மில்காரர்கள் ஓடிவந்திருப்பார்கள் என்று தோன்றும். நடந்தது வேறு. எவன்ஸின் சகோதரர் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) முதலில் பொருத்துபவருக்குக் கட்டணமே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை. எவன்ஸ் தரப்பு சொல்லும் ஒரு சம்பவமும் உண்டு. பக்கத்துப் பிராண்டிவைன் ஓடையின் பெரிய மில்காரர்கள் ஒருநாள் பார்க்க வந்தார்கள். எவன்ஸ் வேண்டுமென்றே வயலில் வைக்கோல் வேலையில் இருந்தார். ஆளே இல்லாமல் மில் அரைத்து, ஆற்றி, சலித்துக்கொண்டிருந்ததை அவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அப்புறம் ஊருக்குப் போய், கடகடவென்று சத்தம் போடும் வெறும் சாமான் என்று சொல்லிவிட்டார்கள்! கண்ணால் பார்த்ததையே நம்ப மறுத்திருக்கிறார்கள்.

மேரிலாந்தின் எல்லிகாட் குடும்பம் போன்ற சிலர் துணிந்து பொருத்திய பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள். 1791-இல் ஜார்ஜ் வாஷிங்டனே தன் மவுன்ட் வெர்னான் மில்லில் இந்த அமைப்பைப் பொருத்தினார். அந்த மில் மாவை அடைக்கும் பீப்பாய்களைச் செய்தவர்கள் அவருடைய பண்ணையில் அடிமைகளாக இருந்த கைவினைஞர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உழைப்பைக் குறைக்கும் எந்திரம் வந்த இடத்திலேயே அந்த உழைப்பும் இருந்தது. 1795-இல் எவன்ஸ் மில் கட்டுபவர்களுக்காகப் படங்களோடு ஒரு வழிகாட்டிப் புத்தகமும் போட்டார். பல பதிப்புகள் கண்டு, 1860 வரை அச்சில் இருந்தது.

[திரையில்: பழைய காப்புரிமைத் தாள். தேதி 18 டிசம்பர் 1790.]

இப்போது சண்டைக்கு வருவோம். அமெரிக்க அரசு கொடுத்த மூன்றாவது காப்புரிமை எவன்ஸுடையது. அதை ஆராய்ந்து கொடுத்த மூவர் குழுவில் ஒருவர் தாமஸ் ஜெஃபர்சன். 14 வருடக் காலம் 1804-இல் முடிந்தது. 1808-இல் எவன்ஸுக்காகவே ஒரு சட்டம் போட்டு நாடாளுமன்றம் அதைப் புதுப்பித்தது. அப்போது ஜனாதிபதி யார் என்றால், அதே ஜெஃபர்சன். இடைக்காலத்தில் பொருத்தியவர்களிடமும் எவன்ஸ் பணம் கேட்க, பால்டிமோர் மில்காரர்கள் கொதித்தார்கள். அவர்களில் ஐசக் மெக்பர்சன் என்பவர் 1813-இல் ஜெஃபர்சனிடமே கருத்துக் கேட்டார்.

ஜெஃபர்சனின் பதில் இன்றும் காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் தேடிப் படிக்கும் கடிதம். என் மெழுகுவர்த்தியில் ஒருவர் தன் திரியை ஏற்றிக்கொண்டால் என் வெளிச்சம் குறையாது, யோசனையும் அப்படித்தான் என்று எழுதியது இந்த மாவு மில் வழக்கைப் பற்றித்தான். எலிவேட்டர் புதிதல்ல, எகிப்தில் தண்ணீர் இறைக்கும் கிண்ண மாலை என்றார். கன்வேயர் ஆர்க்கிமிடீஸின் திருகு என்றார். ஹாப்பர் பாய் மட்டும் தனக்குத் தெரிந்தவரை புதியது என்று ஒத்துக்கொண்டார்.

எவன்ஸ் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1818-இல் அவருக்குச் சாதகமாக முடிந்து, மறுவிசாரணைக்குத் திரும்பியது. 1819-இல் எவன்ஸ் இறந்தார். 1822-இல் தீர்ப்பு எதிராக வந்தது, அதுவும் ஹாப்பர் பாய் விஷயத்தில். பென்சில்வேனியாவில் அதே மாதிரி ஒன்று ஏற்கெனவே இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. தன்னுடையது அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை எவன்ஸின் விண்ணப்பம் பிரித்துச் சொல்லவில்லை என்றது நீதிமன்றம்.

ஜெஃபர்சன் சொன்னதில் தவறில்லை, கிண்ணமும் திருகும் பழசுதான். ஆனால் அந்தக் கடிதம் மில்லைத் துண்டு துண்டாகப் பார்த்தது. ஒரு கருவி விடும் இடத்தில் அடுத்தது பிடித்துக்கொள்ளும்படி, ஒரே சக்கரத்தின் விசையில், வாசலிலிருந்து பீப்பாய் வரை மாவு நிற்காமல் ஓடும்படி கோத்தவர் எவன்ஸ். அவருக்குச் சேர வேண்டிய பெருமை அந்தக் கோர்வைக்குத்தான். தொழிற்சாலையில் பொருள் நிற்காமல் ஓடுவதைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் பலரும் ரெட் கிளே ஓடையிலிருந்து தொடங்குவது அதனால்தான்.

[திரையில்: புடாபெஸ்ட், அடுத்து மினியாபொலிஸ்.]

கல்லின் முறை பிறகு வந்தது, அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியின் கான்ஸ் ஆலையில் 1874-இல் ஆண்ட்ராஷ் மெக்வார்ட் அரைகல்லுக்குப் பதில் கடினமாக்கிய வார்ப்பிரும்பு உருளைகளைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1870-களில், கப்பியோடு, அதாவது முழுதாக மாவாகாத கோதுமைக் குருணையோடு, ஒட்டிவரும் தவிட்டைக் காற்றால் ஊதிப் பிரிக்கும் எந்திரம் பரவியது. ஆனால் உள்ளே பறக்கும் மாவுத்தூசி நெருப்பு பட்டால் வெடிக்கும். 1878 மே 2 அன்று அங்கே வாஷ்பர்ன் ஏ மில் வெடித்ததில் 18 பேர் இறந்தார்கள். திரும்பக் கட்டியபோது இரும்பு உருளைகளும், தூசியை உறிஞ்சும் கருவிகளும் வந்தன.

கல் போய்விட்டது, எலிவேட்டர் போகவில்லை. தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ரைஸ் மில்லுக்குள் போனால், தரையிலிருந்து கூரைவரை செங்குத்தாக நிற்கும் இரட்டைக் குழாய்களைப் பாருங்கள். உள்ளே ஓடுவது பெல்ட்டும் கிண்ணங்களும்தான், தோலுக்குப் பதில் ரப்பர். மில்லில் வேலை செய்பவர்களும் அதை எலிவேட்டர் என்றுதான் சொல்வார்கள்.

எவன்ஸ் அமைப்பு முழுவதும் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால், வர்ஜீனியாவில் மவுன்ட் வெர்னானிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வாஷிங்டனின் மில்லைத் திரும்பக் கட்டிவைத்திருக்கிறார்கள். தண்ணீர்ச் சக்கரத்தில் இன்றும் அரைத்துக் காட்டுகிறார்கள். போனால் கல்லோடு நின்றுவிடாமல் மேல்மாடிக்கும் ஏறுங்கள், ஹாப்பர் பாய் அங்கேதான் இருக்கிறது.