வாணலி சாட்சி

நடுவர் அவர்களே, வணக்கம். சோவியத் ஆட்சியின் தொடக்கத்துல, மதத்தை விட்ட யூத வீட்டுல யூத வாழ்க்கை கரைஞ்சதா, நிலைச்சதா? நிலைச்சதுன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அம்மா போட்ட பட்டியல் உண்மைதான். வேதம் படிச்ச ஹேதர் பள்ளிகளை மூடினாங்க. ஜெபக்கூடங்கள் மன்றங்களாச்சு. யோம் கிப்பூர் நோன்பு நாள்ல கொம்சொமோல், அதாவது கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்புப் பசங்க விருந்து வச்சாங்க. 1929ல வந்த ஐந்து நாள் வாரம் இன்னும் மோசம். நாலு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு, அதுவும் ஆளுக்கொரு நாள். அப்பாவுக்கு லீவுன்னா அம்மாவுக்கு ஷிப்ட். யூத மதம் சொல்ற சனிக்கிழமை ஓய்வு அதோட போச்சு, ஒத்துக்கிறேன்.

ஆனா எதிரணி அம்மா வாசலோட திரும்பிட்டாங்க. சமையலறைக்குள்ள வந்திருக்கணும். மாஸ்கோவுல ஒரு கொம்முனால்கா, அதாவது அறைக்கு ஒரு குடும்பம், எல்லாருக்கும் ஒரே சமையலறை. வரிசையா பிரைமஸ் ஸ்டவ், மண்ணெண்ணெய் வாசனை. மத்தவங்க பாத்திரமெல்லாம் அங்கேயே கிடக்கு. யூதப் பாட்டி மட்டும் தன் வாணலியைக் கையோட அறைக்குத் தூக்கிட்டுப் போறாங்கன்னு வைங்க. ஏன்? யூத மதத்துல விலக்கான பன்றிக்கொழுப்பு, பக்கத்து அறைக்காரங்களோடது, அதுல பட்டுடக்கூடாது. மகன் கட்சிக்காரர், கடவுளே கிடையாதுன்னு கூட்டத்துல முழங்கிட்டு வர்றார். ராத்திரி சாப்பிடறது எதுல வதக்கினது? அந்த வாணலியிலதான்! (அம்மா சமையலை எதிர்த்து எந்தக் கட்சியும் தீர்மானம் போட்டதில்லைங்க.)

அடுத்து நாக்கு. 1926 கணக்கெடுப்புல சோவியத் யூதர்கள்ல சுமார் 70 சதவீதம் பேர் தாய்மொழி யிட்டிஷ்னு, அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களோட பேச்சு மொழின்னு சொன்னாங்க. அதுல உண்மைக்கு 'எமெஸ்'னு பேரு. வேதத்தோட எபிரேயச் சொல், மூணு எழுத்து. மத வாசனை போகட்டும்னு சோவியத்ல அதை ஒலிப்படி நாலு எழுத்தா மாத்தி எழுதினாங்க. ஆனா கட்சிப் பத்திரிகைக்கு வச்ச பேரே 'தெர் எமெஸ்'! எழுத்தை மாத்தியாச்சு, சரி. வாய்விட்டுப் படிச்சா? தாத்தா சொன்ன அதே எமெஸ்.

கடைசியா ஒண்ணு. 1932 டிசம்பர்ல உள்நாட்டு பாஸ்போர்ட் வந்தது. அதுல தேசிய இனம்னு ஒரு இடம். ஜெபக்கூடத்துப் பக்கமே போகாதவருக்கும் அரசாங்கமே அங்க 'யூதர்'னு எழுதிக் கொடுத்தது. கரைஞ்சு போனவருக்கு அந்த இடத்துல என்ன எழுதறது? எதிரணி அம்மா அடுத்த சுற்றுல சொல்லட்டும். நடுவர் மணியில கை வச்சுட்டாரு, உட்காந்துடறேன்.