கூடைக்குள் ஒரு வாரம்

(மும்பையில் பொங்கலை ஒட்டி ஒரு ஞாயிறு மாலை நடந்த பட்டிமன்றம். தலைப்பு: வாழ்க்கையின் இன்பம் பெரிதும் இருப்பது ஓடியாடும் வாரநாட்களிலா, ஓய்ந்திருக்கும் விடுமுறையிலா? 'வாரநாட்களே' என்ற அணியில் பேசிய உரை.)

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அன்பர்களுக்கும், இத்தனை தூரத்திலிருந்து ரயிலேறி வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணியில் இரண்டு பேர் பேசிவிட்டார்கள். அணித்தலைவர் ஐயா, "மனுஷன் தனக்குத்தானே சொந்தமாக இருப்பது விடுமுறையில்தான்" என்றார். அடுத்து வந்த தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், "நட்புக்கு நேரம் வேண்டும், கைவேலைக்குப் பொறுமை வேண்டும், இரண்டுமே வாரநாளில் கிடையாது. இந்த ஊரில் திங்கள் முதல் சனி வரை நாம் வாழ்வதில்லை, ஓடுகிறோம்" என்றார். நன்றாகக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அழகாகச் சொன்னார். ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நடுவர் அவர்களே, இந்தக் கூடையைக் கொஞ்சம் பாருங்கள். மஞ்சளும் பச்சையுமாக இரண்டு ரோல் வயர், சிவன் கண் முடிச்சு. பின்னத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இதில் ஒரு முடிச்சுகூட என் வீட்டில் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் போட்டதும் இல்லை. அத்தனையும் டோம்பிவிலிக்கும் சி.எஸ்.எம்.டி. ரயில் முனையத்துக்கும் நடுவே, லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில், எங்கள் பேச்சில் லேடீஸ் டப்பாவில், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் போட்டவை.

வயர்கூடை பின்னத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயரை இரண்டாக மடித்து ஒரு வளையம் விடுவோம். அதற்குள் இன்னொரு வயரின் வளையத்தை நுழைத்து நான்கு முனையையும் இழுத்தால், சின்னச் சதுரமாக முடிச்சு வந்து உட்காரும். நான்கையும் ஒரே பலத்தில் இழுக்கணும். ஒன்று தளர்ந்தாலும் வரிசை கோணிவிடும். ஓடுகிற ரயிலில் இது சுலபம் இல்லை. வண்டி தடம் மாறும்போது கை ஆடும், பக்கத்தில் இருப்பவர் இறங்க எழுந்தால் முழங்கை இடிக்கும். அதனால் என் கூடையைப் பார்த்தால் அந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

போன ஜூலையில் பின்னிய கூடை ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் நடுவே ஆறு வரிசை மட்டும் அச்சில் வார்த்ததுபோல் அவ்வளவு சீராக இருக்கும். அன்றைக்கு மழை. குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, வண்டி இரண்டரை மணி நேரம் அசையாமல் நின்றது. நின்ற வண்டியில் கை ஆடவில்லை. எதிரே இருந்த மராட்டிக்காரத் தாயி, தாயி என்றால் அவர்கள் மொழியில் அக்கா, டிபன் டப்பாவைத் திறந்தார். போளி பாஜி, அதாவது சப்பாத்தியும் காய்கறியும். குஜராத்தி பென், அவரும் அக்காதான், அவர் பையிலிருந்து தேப்லா என்கிற மசாலா ரொட்டி வந்தது. என்னிடம் மிச்சம் இருந்தது கொஞ்சம் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும். முதல் தடவை நார்த்தங்காய் சாப்பிட்ட ஒரு சின்னப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு துண்டு" என்று கை நீட்டினாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சேர இரவு பதினொன்றரை. கால் வலித்தது, தலை நனைந்திருந்தது. ஆனால் என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த பத்து நாட்களை எழுதச் சொன்னால் அந்த நாளை எழுதுவேன்.

நட்புக்கு நேரம் வேண்டும் என்றாரே தம்பி, சரி, கணக்குப் போடுவோம். டோம்பிவிலியிலிருந்தே புறப்படும் ஸ்லோ வண்டியில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டரை. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் பதினைந்து மணி நேரம். பதினோரு வருஷமாக அதே டப்பா, அதே ஏழு பேர். வருஷத்துக்கு ஒருமுறை லோனாவ்லாவில் அறை எடுத்துத் தங்கும் நண்பர்கள் எத்தனை வருஷம் போனால் இந்தப் பதினொரு வருஷத்தைத் தொடுவார்கள்?

நேரத்தை விடுங்கள், தன்மையைப் பாருங்கள். விடுமுறையில் சந்திக்கிற நண்பரிடம் நாம் பெரிய சேதிகளைத்தான் சொல்வோம். பெண்ணுக்கு வேலை கிடைத்தது, வீடு வாங்கினோம், அம்மா தவறிவிட்டார். தினமும் பார்ப்பவரிடம்தான் சின்ன சேதி சொல்ல முடியும். நேற்று ரசத்தில் உப்பு கூடிப்போனது, பையன் புதுச் செருப்பு வேண்டாம் என்று அழுதான், மாமியார் இன்று தானாக வந்து பேசினார். பெரிய சேதிகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம். மீதி வாழ்க்கை முழுக்க இந்த ரசமும் செருப்பும்தானே? அதைக் கேட்பதற்கு ஒருவர் தினமும் எதிர் சீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஜனவரியில் சாயங்கால வண்டியில் ஏறிப் பாருங்கள். பச்சைப் பட்டாணி சீசன். ஆபீஸ் விட்டு வரும் பெண்கள் மடியில் பையை விரித்துக்கொண்டு பட்டாணி உரிப்பார்கள். சொந்தப் பட்டாணி தீர்ந்தால் பக்கத்துப் பையில் கை போகும். முன்பின் தெரியாதவர்கூட ஒரு பிடி எடுத்து உரித்துக் கொடுப்பார். பிரபாதேவிப் பக்கம் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னாள், "வீட்டில் தனியாக உரித்தால் அது வேலை, இங்கே உரித்தால் பேச்சுக்குத் தாளம்" என்று. இதைவிட நன்றாக என் கட்சியை என்னால் சொல்ல முடியாது.

இந்த வாரம் சங்கராந்தி வேறு. நமக்குப் பொங்கல், அவர்களுக்கு எள்ளுருண்டை. "தில்குள் க்யா, கோட் கோட் போலா", அதாவது எள்ளும் வெல்லமும் வாங்கிக்கோ, இனிமையாகப் பேசு என்று சொல்லிக் கையில் வைப்பார்கள். அப்புறம் ரதசப்தமி வரை ஹல்தி குங்கும். மஞ்சள் குங்குமத்தோடு ஏதாவது ஒரு பொருள் கொடுக்கணும், அதற்கு வாண் என்று பெயர். போன வருஷம் எங்கள் டப்பாவில் ஏழு பேரும் கொடுத்த வாண் எது தெரியுமா? உள்ளங்கை அகல வயர் பர்ஸ். நான் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் பின்னினார்கள். மராட்டிக்காரத் தாயி எனக்குக் குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் சொல்லிக்கொடுத்தார். நெல்லிக்காய் முடிச்சு என்று தமிழில் சொல்லியே அவர் கற்றுக்கொண்டார். இப்போது என்னைவிட அவர் முடிச்சு இறுக்கம். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எந்த விடுமுறையில் நேரம் ஒதுக்கியிருப்போம்?

அடுத்து வேலை. வேலையில் இன்பமா என்று எதிரணியில் சிரித்தார்கள். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன மாதக் கடைசி, பற்றும் வரவும் சமமாக நிற்கிறதா என்று பார்க்கும் டிரயல் பேலன்ஸ் 270 ரூபாய் உதைத்தது. கோடிக்கணக்கில் புரளும் புத்தகத்தில் 270 ரூபாய். மூன்று பேர் மதியம் முழுக்கத் தேடினோம். சாயங்காலம்தான் தோன்றியது, 270 ஒன்பதால் வகுபடுகிறதே என்று. கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கண்ணோடு தேடினால் பதினைந்தே நிமிஷம். 8,147 என்று இருக்க வேண்டிய பில், 8,417 என்று ஏறியிருந்தது. திருத்தினோம். இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றது. சேர்ந்து ஆறு மாதமே ஆன தம்பி எழுந்து நின்று கைதட்டினான். கீழே போய் மூன்று கட்டிங் டீ, அதாவது அரை கிளாஸ் டீ, சொன்னோம். மகாபலேஷ்வரில் மலை உச்சியில் நின்றும் டீ குடித்திருக்கிறேன். அந்தக் கட்டிங் டீயின் ருசி அதில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா வேலையிலும் இப்படி இன்பம் இருக்கிறது என்று நான் சாதிக்கவில்லை. இந்த நெரிசலில் ரயிலிலிருந்து விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு. கூட்டத்தை நான் இன்பம் என்று சொன்னால் அது பாவம். அணித்தலைவர் ஐயா சொன்ன வரலாறும் உண்மை. நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் இந்த ஊர் மில் தொழிலாளர்கள் குரல் எழுப்பித்தான், 1890-ல் ஞாயிறு விடுமுறை வாங்கினார்கள். அந்த ஞாயிறை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஐயா, அவர்கள் கேட்டது ஏழாவது நாள் ஓய்வு. மற்ற ஆறு நாளில் மனுஷனுக்குச் சந்தோஷமே கிடையாது என்று அவர்கள் எழுதிக்கொடுத்துவிடவில்லையே! ஓய்வு உடம்புக்கு உரிமை. இன்பம் எங்கே பெரிதாக இருக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

என் அம்மா தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் கைமுறுக்கு சுற்றி விற்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே முறுக்குப் போட்ட குடும்பங்கள் நிறைய. மதியம் இரண்டு மணிக்கு நாலைந்து பெண்கள் துணியை விரித்து வட்டமாக உட்காருவார்கள். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கிக்கொண்டே சுற்றணும். ஐந்து சுற்று, ஏழு சுற்று. விரல் பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை ஓடும். வேலை கடினம்தான், எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பதெல்லாம் லேசு இல்லை. ஆனாலும் எழுபது வயதில் அம்மாவை உட்கார வைத்து, "இனிமேல் நீ ஓய்வெடு" என்றோம். பத்து நாள்தான். பதினோராவது நாள் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, மாவு பிசைந்து, சும்மா வீட்டுக்கு என்று முறுக்கு சுற்ற உட்கார்ந்துவிட்டார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்களே, சுற்றிய விரலும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. எதிரணி இதற்குப் பதில் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் லோக்கல் ரயில் நின்றது. எங்கள் ஆபீஸும் மூடியிருந்தது. சம்பளம் வந்தது, வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்த விதத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள், எத்தனையோ பேருக்கு அதுகூட இல்லை. தம்பி கேட்ட நேரம் என்னிடம் இருந்தது, பொறுமை இருந்தது, அலமாரியில் நான்கு ரோல் வயரும் இருந்தது. ஒரு முடிச்சு போடவில்லை. எடுத்து வைப்பேன், திரும்ப உள்ளே வைப்பேன். யாரிடம் காட்டுவது? நிறம் சேர்கிறதா என்று யாரிடம் கேட்பது? ஏழு பேரும் போனில் பேசினோம், பேச்சு இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட எங்களுக்குப் பேச்சு தீர்ந்ததில்லை, அந்த ஏழு மாதம் தீர்ந்தது.

அக்டோபர் 21-ஆம் தேதியிலிருந்து பெண்கள் லோக்கலில் ஏறலாம் என்றார்கள். பதினோரு மணிக்கு மேல்தான் அனுமதி. முகத்தில் மாஸ்க்கோடு, சீட் விட்டு சீட் உட்கார்ந்தோம். டோம்பிவிலியில் வண்டி நகர்ந்ததும் மராட்டிக்காரத் தாயி பையிலிருந்து பாதியில் நின்ற கூடையை எடுத்தார். மார்ச்சில் விட்ட அதே வரிசை. அவரும் தொடவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முகத்தில் பாதி மறைந்திருந்தது, இருந்தாலும் அவர் அழுகிறார் என்று தெரிந்தது. தானே ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு வரிசை முடித்துவிட்டார்.

தம்பி, நேரம் இருந்தால் கைவேலை வரும் என்றீர்கள். நட்பு வளரும் என்றீர்கள். எங்களிடம் ஏழு மாதம் இருந்ததே, ஏன் வரவில்லை? கைவேலையும் நட்பும் வேலைக்குப் போகும் அந்த அவசரத்தோடு ஒன்றாகப் பின்னியிருக்கிறது. இந்தக் கூடையில் ஒரு வயரை மட்டும் உருவிப் பாருங்கள், வருமா?

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டுங்காவில் இறங்கினேன். 2017-லிருந்து பெண்களே நடத்தும் ஸ்டேஷன் அது. டிக்கெட் கவுன்டர், அறிவிப்பு, பாதுகாப்பு எல்லாம் பெண்கள்தான். வெளியே வந்து இரண்டு முழம் மல்லி, ஒரு கட்டு வாழையிலை, பொங்கலுக்கு மஞ்சள் கொத்து. எல்லாம் வாங்கி இந்தப் பாதிக் கூடையிலேயே போட்டு எடுத்துப் போனேன். கைப்பிடி இல்லாததால் இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றேன். ரயிலில் ஒரு பெண் கேட்டாள், எங்கே வாங்கினீர்கள் என்று. நாளைக்கு இதே டப்பாவுக்கு வா, சொல்லித்தருகிறேன் என்றேன். சனிக்கிழமை காலையில் நீல நிற வயர் ஒரு ரோலோடு வந்து நின்றாள். எங்கள் எட்டாவது ஆள்.

நடுவர் அவர்களே, இந்தக் கூடைக்குக் கைப்பிடி ஒன்றுதான் பாக்கி. நாளைக் காலை வண்டியில் தானே ஸ்டேஷன் தாண்டியதும் தொடங்கினால் குர்லாவுக்குள் போட்டுவிடலாம். அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் நாளை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.