காளவாய்க்குள் ஒரு நிழல்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வளர்ந்த ஊரில் கழிமுகத்தை ஒட்டி ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. கிளிஞ்சல் ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிக் கொட்டி, அடியில் துருத்தி வைத்து ஊதுவார்கள். பத்தடி தள்ளி நின்றாலே முகம் காந்தும். வெந்த கிளிஞ்சலை வாரிப் போட்டுத் தண்ணீர் தெளித்தால், அது 'உஸ்' என்று சீறி, ஆவி கக்கி, மாவாக உதிரும். தண்ணீர் பட்டால் சூடு கிளம்புமா என்று வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

அந்தக் காளவாய்க்குப் பழைய பெயர் நீற்றறை. பல்லவ மன்னன் ஆணைப்படி, அப்பர் என்று நாம் சொல்லும் திருநாவுக்கரசரை அதற்குள் ஏழு நாள் அடைத்து வைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். உள்ளேயிருந்து அவர் பாடிய பாட்டு உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும்.

'மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே.'

பள்ளிக்கூடத்தில் இதை எனக்கு ஓர் அற்புதக் கதையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தீ குளிர்ந்தது, அப்பர் பிழைத்தார், அவ்வளவுதான். பாட்டைத் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள். நெருப்பு அணைந்தது என்று அதில் ஒரு சொல் கிடையாது. அறை பொய்கையாக மாறியது என்றும் இல்லை. பொய்கை போல இருப்பது ஈசனுடைய அடிநிழல். சுற்றி என்ன எரிகிறது என்பதை அவர் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. தான் யார் நிழலில் இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறார்.

அப்பர் 7ஆம் நூற்றாண்டு, பெரியபுராணம் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு. ஏழு நாள் கணக்கு சரியா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்குப் பாட்டு போதும்.

சரி, இந்த மனிதர் பிறவியிலேயே இப்படி அசையாதவரா? இல்லவே இல்லை. சமண மடத்தில் தருமசேனராக இருந்தபோது சூலை நோய் வந்தது, கொடிய வயிற்றுவலி. மணியும் மந்திரமும் பலிக்காமல், ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு அக்காவைத் தேடி ஓடி வந்தார். அங்கே திலகவதியாருக்குக் கோயில் கூட்டி மெழுகுவதுதான் வேலை. திருநீறு கொடுத்து, விடியற்காலையில் துடைப்பத்தோடு கிளம்பும்போது தம்பியையும் கூட்டிப் போனார். அப்பர் கோயிலுக்குள் நுழைந்தது ஒரு துடைப்பத்தின் பின்னால்தான். அப்போது பாடியதில், 'குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன் அடியேன்' என்று கதறுகிறார். ஆற்றேன், என்னால் தாங்க முடியவில்லை. நீற்றறையில் வீணை கேட்டவரும் இவரேதான்.

இனி என் கதை. அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு பூர்வீகச் சொத்தில் தம்பியோடு தகராறு, வழக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், மின்விசிறியைப் பார்த்தபடி அவன் சொன்னதற்கெல்லாம் பதில் தயாரிப்பேன். சாமியிடமும் பழைய பழக்கம்தான். முதல் வாரம் மனு, அடுத்த வாரம் நினைவூட்டல், அதற்கடுத்த வாரம் கண்டனம். பிரகாரம் சுற்றும்போதுகூட வக்கீலுக்கு என்ன சொல்லலாம் என்றுதான் ஓடும்.

அப்புறம் ஒரு நாள் அப்பருடைய கடம்பூர்ப் பதிகத்தில் இந்த வரி கண்ணில் பட்டது: 'தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பாஷையில் இது பணிப்பகிர்வு ஆணை. தாங்குவது சாமியின் பிரிவு. நானோ அவர் மேசைக் கோப்பையெல்லாம் அள்ளி வந்து என் மேசையில் குவித்துக்கொண்டு, என் வேலையைத் தொடாமலே உட்கார்ந்திருந்தேன்.

அப்பர் கையில் உழவாரம் இருக்கும், புல் செதுக்கும் கருவி. எங்கள் தெருவில் சிலர் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக்குப் போகிறவர்கள்; நானும் சேர்ந்துகொண்டேன். முதல் நாள் கோரையை மேலாகப் பிடித்து இழுத்தேன், தழை மட்டும் கையோடு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "அண்ணே, அப்படி இழுத்தா கிழங்கு உள்ளேயே நின்னுரும், தோண்டி எடுங்க" என்றார். கல் இடுக்கில் கொத்தை விட்டுக் கிளறிக் கொட்டைப்பாக்கை விடச் சின்னதாக ஒரு கறுப்புக் கிழங்கை எடுப்பதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் தம்பி நினைவு வரவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் அதைக் கவனித்தேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை, வாய்தா வந்துகொண்டே இருக்கிறது. தம்பி பேசுவதில்லை. ராத்திரி தூங்குகிறேன். விழிப்பு வந்தால் 'மாசில் வீணையும்' என்று தொடங்குவேன். பெரும்பாலும் பொய்கைக்குப் போய்ச் சேருவதற்குள் கண் அசந்துவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வடக்குப் பிரகாரம். அங்கே நெருஞ்சி அதிகம் என்கிறார்கள், கையுறை வாங்க வேண்டும்.

வணக்கம்.